ஏழாம் குழிக்குக் காட்டிய சூடம்

இரண்டு நாளாக ஒச்சம்மாள் சூடம் காட்டிக் கும்பிட்டது சோணைச்சாமியை அல்ல, சர்வேக்காரர்களின் ஏழாம் நம்பர் குழியை. அது புதன்கிழமை காலையில்தான் அவளுக்கே தெரிந்தது.

வேப்பமரக் கிளையில் தொங்கிய மஞ்சப்பையின் அடி மூலையை அணில் கடித்து வைத்திருந்தது. அவள் தட்டில் சூடம் ஏற்றி, கண்ணை மூடி, வெள்ளிக்கிழமை காரியம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, தட்டில் டங்கென்று ஒரு சரளைக்கல் விழுந்தது. சாமி ஏதோ சொல்ல வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அண்ணாந்து பார்த்தால் ஓட்டை வழியே ஒரு பிளாஸ்டிக் உறையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். உள்ளே துண்டுச்சீட்டு. எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசித்தாள்: குழி 7, ஆழம் 1.20 மீட்டர், சிவப்புச் சரளை.

"ஏங்க, இங்கிட்டு வாங்க" என்றாள். சத்தமே போடவில்லை. அந்தக் குரலுக்குத்தான் மலைச்சாமி பயப்படுவார்.

நடந்தது இதுதான். பரவைக்கு மேற்கே, பொட்டலும் கத்தரித் தோட்டமும் மாறிமாறி வரும் வாகைப்பட்டியில் ஒச்சம்மாளுக்கும் மலைச்சாமிக்கும் அறுபது சென்ட் நிலம் இருந்தது. அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் நாற்று நட்டும் வளர்ந்த இருவரும் முப்பது வருசம் உழைத்து வாங்கிய நிலம். குலசாமி சோணைச்சாமியின் கோயிலோ எழுமலைப் பக்கம் சொந்த ஊரில். மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு அங்கே போனால், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும். திருநீறு கைக்கு வரும்போது தட்டில் வெறும் தூசிதான் இருக்கும். ஒச்சம்மாளுக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. நம்ம நிலத்தில் நம்ம சாமியை வைத்து நாமே முன்னால் நின்று கும்பிட வேண்டும் என்று கிளம்பினாள்.

அதற்குத் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் வேண்டும். சாமி முன்னால் மூன்று கை மண் அள்ளித் துணியில் கட்டிக் கொடுத்தால், அதைக் கொண்டுவந்து புது இடத்தில் வைத்துக் கும்பிடலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் கொடுப்பார்கள். கொடுக்க வேண்டியவர் மலைச்சாமியின் பெரியப்பா முத்திருளன். கோயிலில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்த வருசம், அடுத்த வருசம் என்று பதினோரு வருசம் ஓட்டிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மனசு வந்து கொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவரே வந்து வைத்துத் தருவதாகவும் சொன்னார். வைக்கும்வரை மண் தரையில் படக்கூடாது, கட்டை அவிழ்க்கக்கூடாது. மலைச்சாமி அதைக் கல்யாண வீட்டு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து நிலத்து வேம்பில் தொங்கவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை சர்வேக்காரர்கள் வந்தார்கள். மாவட்டத்தில் எங்கெங்கே செம்மண், சரளை, சவுடு, உடைகல் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று கணக்கெடுத்து அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. ஒரு கம்பெனி எடுத்திருந்தது. வந்தவள் ரோகிணி என்ற பெண். தலையில் தொப்பி, தோளில் பை, காலில் ஆம்பளை பூட்ஸ். கூட விக்ரம் என்று ஓர் உதவியாள். குழி வெட்ட உள்ளூரில் எட்டு ஆள் கேட்டார்கள். மலைச்சாமி முதல் ஆளாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மீட்டருக்கு மீட்டர் சதுரம், அடிப்பாறை தட்டும்வரை ஆழம். பன்னிரண்டு குழி. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் எல்லோரும் அந்த ஒற்றை வேம்படிக்குத்தான் வந்தார்கள். ஒச்சம்மாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். ரோகிணி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினாள். தின்றுகொண்டே கேள்வியும் கேட்டாள்.

"உங்க கிணத்துல தண்ணி எத்தனை அடியில கெடக்கும்மா?"

"முன்ன முப்பதுல கெடந்துச்சு. இப்ப எழுவது. அந்தா இருக்கு பாரு கூகைக்கரடு, அந்தச் சின்ன மலைய உடைக்க ஆரம்பிச்சதுலருந்து இறங்கிருச்சு."

"வெடி வைக்கிறப்ப வீடு அதிருதா?"

"அதிருதாவா? சொவத்துல கீறல் விட்டு, அந்தக் கீறல்லயே பல்லி குடும்பம் நடத்துது. கத்தரி எலையெல்லாம் மாவு பூசுனாப்ல இருக்கும். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால காயக் கழுவணும்."

"யாரும் மனுக் குடுக்கலையா?"

ஒச்சம்மாள் குழம்புச் சட்டியைக் கிளறினாள். "என் மகன் அருண்பாண்டி அங்கனதான் டிப்பர் ஓட்டுறான். அவன் சம்பளத்துலதான் இந்தக் கிணத்த ஆழப்படுத்துனோம். இப்ப நான் யாரு மேல மனுக் குடுக்க?"

ரோகிணி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மண் மாதிரிகளை விக்ரம் மஞ்சப்பைகளில் கட்டி, அட்டை மாட்டி, ஆடு வாய் வைக்காமலிருக்க அதே வேப்பங்கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். ஆடு வாய் வைக்காமலா இருக்கும்? ஏழாம் குழி அட்டையை எக்கித் தின்றுவிட்டது. பொழுது சாய வேனில் ஏற்றும்போது மலைச்சாமிதான் கிளையிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, சத்தமாக எண்ணிக் கொடுத்தார். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திக்கொண்டார். மரத்தில் ஒரு பை மிச்சம் இருந்தது. ஒன்று மிச்சம் இருக்கத்தானே வேண்டும், அது சாமி. மனுசர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"எண்ணிக்கை சரியாத்தான்டி இருந்துச்சு" என்றார் மலைச்சாமி இப்போது, சீட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு.

"எண்ணிக்கை சரி. சாமியத்தான் லேபுக்கு அனுப்பிட்டீக."

"பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"பதினோரு வருசமா வாசல்ல நின்னு வாங்குனது. ரெண்டாந்தரம் குடுப்பாகளா? பந்தலுக்குச் சொல்லியாச்சு, சொந்தபந்தத்துக்குச் சொல்லியாச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஏழாம் குழிப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அந்தப் பொண்ணு நம்பருக்குப் போன் போடுங்க. லேபு எங்கனன்னு கேளுங்க."

"நானும் வாரேன்."

"நீங்க இங்கனயே இருங்க. வந்தா லேப எண்ணிக் குடுத்துட்டு வந்துருவீக."

லேப் வில்லாபுரத்தில், ஒரு மாவு மில்லுக்கு மாடியில். இரண்டு பஸ் மாறி, அந்தச் சரளைப் பையைச் சுமந்துகொண்டு அவள் படியேறியபோது மணி பன்னிரண்டு. கீழே மில் ஓடுகிற அதிர்வில் மேலே சல்லடை அடுக்குகள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. ரோகிணி அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. ரெண்டு நாளா ஏழாம் குழிய வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்கேன். எல்லாப் பைக்குள்ளயும் சீட்டு இருக்கு, இதுல இல்ல. அதுக்குப் பதிலா குங்குமம் இருக்கு, திருநீறு இருக்கு, எலுமிச்சங்கொட்டை நாலு, ஒத்தை ரூவாக் காசு ஒண்ணு. விக்ரம் என்னடான்னா இயற்கையா அமைஞ்சதுன்னு எழுதட்டுமாங்கிறான்."

"அய்யோ தாயி, அது எங்க சோணைச்சாமி" என்று ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பையை இறக்கி வைத்தாள். "இந்தா உன் ஏழாம் குழி. என் சாமிய எங்கிட்டக் குடுத்துரு."

ரோகிணி விக்ரமைப் பார்த்தாள். விக்ரம் கூரையைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அத ஓவன்ல வச்சுக் காய வச்சுட்டோம். அப்புறம் சலிச்சுட்டோம்."

"சலிச்சீகளா?"

"அஞ்சு சல்லடையில."

ஒச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய மணி ஒரு தட்டில், அதைவிடப் பொடி ஒரு தட்டில், அடித்தூசி ஒரு தட்டில் என்று சோணைச்சாமி ஐந்து தட்டில் பரப்பிக் கிடந்தார். எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள்.

"ஒண்ணுகூட வீணாப் போகல. அம்புட்டையும் திருப்பிக் கட்டித் தந்துடுறேன்" என்றாள் ரோகிணி. தட்டு தட்டாக, அது வந்த துணியிலேயே கொட்டினாள். விக்ரம் பிரஷ் வைத்துச் சல்லடைக் கண்ணில் ஒட்டியிருந்ததைக்கூடத் தட்டிவிட்டான். காசையும் கொட்டைகளையும் மறக்கவில்லை.

"நான் இந்தப் பைக்கு ரெண்டு நாளா சூடம் காட்டிட்டேன். ஒன்னும் ஆகாதே?"

"சாம்பல் உள்ள விழுந்துச்சா?" என்று விக்ரம் கவலையோடு கேட்டான்.

"வெளியவே காட்டிட்டேன்ப்பா."

"அப்பச் சரி."

துணியை முடியப் போன ரோகிணி நிறுத்தினாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது ஒச்சம்மாளுக்கு முகத்திலேயே தெரிந்தது.

"என்ன தாயி, சொல்லு. கொறஞ்சிருக்கா?"

"கொறையல. இந்த மண்ண எங்கருந்து எடுத்தீங்க?"

"எழுமலைப் பக்கம். எங்க கோயில்ல, சாமிக்கு முன்னால."

"இது பூமியில கெடந்த மண்ணு இல்லம்மா. எம்-சாண்ட். கிரஷர்ல கல்ல உடைச்சுப் பொடியாக்குறது." ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியை நீட்டினாள். "பாருங்க, ஒவ்வொண்ணும் முனை முனையா இருக்கா? ஆத்து மணலா இருந்தா உருண்டு மழுங்கியிருக்கும். காட்டு மண்ணா இருந்தா களி ஒட்டியிருக்கும்."

ஒச்சம்மாள் பார்த்தாள். முனை முனையாகத்தான் இருந்தது. இடையிடையே மாதுளை முத்து நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. "இந்தச் செவப்பு?"

"அதுவும் ஒருவகைக் கல்லுதான். அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா உங்க கூகைக்கரட்டுல எடுத்த கல்லுலயும் இதே மாதிரி செவப்பு நெறைய இருக்கு." ரோகிணி அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

ஒச்சம்மாள் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகனுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் டிப்பர் இரைச்சல்.

"ஏய் அருணு, போன வருசம் பெரிய தாத்தா கோயில்ல வேலை நடந்துச்சே, அங்க யாரு மண்ணு போட்டா?"

"நான்தான்ம்மா போட்டேன். ரெண்டு லோடு. சாமிக்கு முன்னால மேடாக்கணும்னு தாத்தா கேட்டாருல்ல."

"எங்கருந்து அள்ளுன?"

"நம்ம கரட்டுலருந்துதான். நீதானம்மா சொன்ன, நம்ம வீட்டுக் காணிக்கையா இருக்கட்டும், போட்டுட்டு வாடான்னு. மறந்துட்டியா? எதுக்குக் கேக்குற?"

"ஒன்னுமில்ல. பாத்து ஓட்டு" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரோகிணி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பதினோரு வருசம் நடையாய் நடந்து வாங்கியது, வீட்டுக் கொல்லையில் உடைபட்டு, மகன் டிப்பரில் போய், வெயிலில் காய்ந்து திரும்பி வந்திருக்கிறது. சிரித்து முடிந்ததும் துணியில் கிடந்ததை மறுபடி எட்டிப் பார்த்தாள். இது சாமிதானா, இல்லையா? இதை வைத்துக் கும்பிட்டால் காலம் முழுக்கக் கிரஷர் சத்தம்தானே காதில் கேட்கும்?

"கரட்டுல மிச்சம் எம்புட்டு இருக்கு தாயி? நீ அளந்தியே."

"பாதிக்குக் கொஞ்சம் கீழ."

"அதையும் எடுக்கலாம்னு எழுதப் போறியா?"

"கல்லு எவ்வளவு இருக்குன்னு இருக்கிறத எழுதுவேன். எழுவது அடித் தண்ணியையும், சொவத்துக் கீறலையும், கத்தரி எலையையும் எழுதுவேன். உங்க ஊர்ல யாருமே இதுவரைக்கும் எழுத்துல குடுத்ததில்லைங்கிறதையும் எழுதுவேன். அந்தக் கடைசி வரிய மட்டும் நீங்க நெனச்சா மாத்தலாம்." வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினாள். கீழே மில் நின்றிருந்தது. ஒச்சம்மாள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் மகனிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஒரே விவாதம்.

"வாயத் தொறக்காத" என்றார் மலைச்சாமி. "மண்ணு வந்துருச்சுல்ல? கட்டுக் கட்டினபடி இருக்கு. பெரியப்பா வருவாரு, வைப்பாரு, சோறு தின்னுட்டுப் போவாரு."

"சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றீகளா?"

"சாமிக்குத் தெரியாததா? அது சல்லடையில இருந்தப்பவே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்திருக்கும். பெரியப்பாகிட்டத்தான் சொல்ல வேணாங்கிறேன். கோவிச்சுக்கிட்டு மண்ணையும் தூக்கிட்டுப் போனாருன்னா என்ன செய்வ?"

அருண்பாண்டி தட்டில் கையை வைத்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அம்மா மடித்து வைத்திருந்த வெள்ளைத்தாள் எதற்கென்று அவன் ஏற்கனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். "மனுவை நான் எழுதுறேன்ம்மா" என்றான். "வேலை போனா போகட்டும். பரவை மார்க்கெட்ல லோடு வண்டி ஓட்ட ஆள் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக." சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டான். ஒச்சம்மாளுக்கு மகனை அள்ளிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. இருபத்தாறு வயதுப் பிள்ளையை எங்கே கொஞ்சுவது, இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வியாழன் சாயங்காலம் பெய்த கோடைமழையில் கத்தரி இலைகள் கழுவிவிட்டதுபோலக் கிடந்தன. வேம்படியில் புதுசாகக் கட்டிய பீடம், பந்தல், மூன்று செங்கல் அடுப்பில் பொங்கல் பானை, முப்பது முப்பத்தைந்து சனம். முத்திருளன் காரில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயது, ஆனால் நிமிர்ந்த உடம்பு. வாலிபத்திலிருந்தே கொத்தனாராக இருந்தவர், சிமெண்டு தின்ற விரல்கள் இன்னும் மரத்தூண் மாதிரிதான் இருக்கும். பீடத்தைச் சுற்றி வந்து மட்டம் பார்த்தார். வடக்கு மூலை ஒரு நூல் தாழ்வு என்று குறை சொன்னார். பிறகு கையை நீட்டினார்.

"மண்ணக் கொண்டாத்தா."

ஒச்சம்மாள் பையை எடுத்து வந்தாள். பின்னால் மலைச்சாமி தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா, வைக்கிறதுக்கு முன்னால ஒன்னு சொல்லணும். இது தவறிப்போய் சர்வேக்காரக வண்டியில லேபுக்குப் போயிருச்சு. காய வச்சாக, சலிச்சாக. நான்தான் போய்த் திரும்ப வாங்கிட்டு வந்தேன். ஒரு மணிகூடக் கொறையல. ஆனா இது மண்ணு இல்லையாம், எம்-சாண்டாம். நீங்க வேணாம்னு சொன்னா நான் தலையக் குனிஞ்சுக்கிறேன். தெரிஞ்சுக்கிட்டு மறைக்க எனக்கு மனசு வரல."

சனம் பையைச் சுற்றி நெருங்கி வந்தது. அடுப்பில் பானை பொங்கிக்கொண்டிருந்தது. முத்திருளன் அவளையே பார்த்தார். பிறகு கட்டை அவிழ்த்து, ஒரு கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"எனக்குத் தெரியும் ஆத்தா" என்றார்.

"தெரியுமா?"

"அம்பது வருசம் மணலும் சிமெண்டும் பெசஞ்ச கை. சாமி மண்ணக் கண்ண மூடிக்கிட்டு அள்ளணும்னு வழக்கம், அப்படித்தான் அள்ளுனேன். கை வச்சதும் சுருக்குன்னுச்சு. சரி, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுவோம்னு தோண்டுனா அங்கயும் அதுதான். சுத்திலும் டைல்ஸ் ஒட்டிட்டோம், வெளிய சிமெண்டு ரோடு. ஒரு கைப்பிடி மண்ணு அள்ள எங்க கோயில்ல எடம் இல்லத்தா. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இதயே கட்டிக் குடுத்துட்டேன்." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அந்த மனுசர் குரல் தாழ்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

அருண்பாண்டி முன்னால் வந்தான். "தாத்தா, அது நம்ம கரட்டுக் கல்லுதான். நான்தான் கொண்டாந்து தட்டுனேன். ரெண்டு லோடு."

முத்திருளன் திரும்பினார். பந்தலுக்கு மேற்கே கூகைக்கரடு பாதி வெட்டுப்பட்டு, மழையில் நனைந்து, சிவப்பும் சாம்பலுமாக நின்றது.

"அப்ப எங்க சாமி ஒரு வருசமா உங்க கரட்டு மேலதான் உக்காந்திருக்கு."

மலைச்சாமி மெதுவாக, "இப்ப இத வைக்கலாமா கூடாதா பெரியப்பா?" என்றார்.

"வைக்காம? இங்கருந்து போயி, அங்க ஒரு வருசம் கும்பிடு வாங்கிட்டுத் திரும்ப வீட்டுக்கு வந்திருக்கு. வாசல்ல வந்து நிக்கிறதப் போன்னு சொல்லுவியா?" அவர் குனிந்து, ஒற்றை ரூபாயோடும் எலுமிச்சங்கொட்டையோடும் அத்தனையும் பீடத்துக் குழியில் கொட்டி, மேலே கல்லை நட்டார். குலவைச் சத்தம் எழுந்தது. சூடம் எரிந்தது. ஒச்சம்மாள் முன்னால்தான் நின்றாள், ஆனால் கண்ணீரில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லோரும் இலைக்குத் திரும்பியபோது முத்திருளன் மட்டும் நகரவில்லை. தோள் துண்டை எடுத்து உதறினார். தரையில் படாமல் இரண்டு கையிலும் ஏந்தி ஒச்சம்மாள் முன்னால் நீட்டினார்.

"எங்க கோயிலுக்கு மூணு கை மண்ணு குடு ஆத்தா. ரெண்டு டைல்ஸப் பேத்துட்டு சாமிக்கு முன்னால வைக்கிறேன்."

"மாமா, நீங்க போயி எங்ககிட்ட…"

"வேற யாருகிட்டக் கேக்க? உங்ககிட்டத்தான மண்ணு இருக்கு. கண்ண மூடிக்கிட்டு அள்ளு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் நிலத்தில் மண்டியிட்டாள். மழை ஈரத்தில் மண் பொதுபொதுவென்று இருந்தது.

"இல்ல மாமா" என்றாள். "நான் பாத்துத்தான் அள்ளுவேன்."

ஒரு கோரைக்கிழங்கைப் பிடுங்கி எறிந்தாள். நெளிந்த மண்புழுவைப் பக்கத்துப் பாத்தியில் விட்டாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து முதல் கை மண்ணை அள்ளினாள்.